சீசரின் உரோமமும் பஸ்டரின் சடையும்

1910ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி லண்டன் மாநகர வீதியில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று எனது எழுதுமேசைக் கண்ணாடியின் கீழ் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பழைய ஆங்கில சஞ்சிகை ஒன்றிலிருந்து நான் வெட்டி எடுத்த படம் அது. பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வேர்ட்டின் இறுதி ஊர்வலத்தை அது காட்டுகிறது. மே 6ஆம் திகதி காலமான அவருக்கு இறுதி மரியாதை செலுத்துவதற்காகப் புதிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ், ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் உட்பட ஒன்பது முடிமன்னர்கள் அந்த ஊர்வலத்தில் அணிவகுத்து வந்தார்கள். ஆனால், அந்த மன்னர்கள் எல்லோருக்கும் முன்னால், காலஞ்சென்ற மன்னரின் குதிரைக்குப் பின்னே, ஸ்கொட்லாந்து மலைநாட்டு உடையணிந்த ஒருவர் வாரைப் பிடித்துச் செல்ல, ஒரு சிறிய வெள்ளை நாய் நடந்து போகிறது. அதன் பெயர் சீசர்.

பழைய ஐரோப்பா கடைசியாக ஒன்றுகூடிய நாள் என்று வரலாற்றாசிரியர்கள் அந்த நாளைக் குறிப்பிடுவது வழக்கம். நான்கு ஆண்டுகளில் உலகப்போர் மூண்டது, அந்த மன்னர்களில் பலர் ஒருவருக்கொருவர் எதிரிகளாகினர், சிலர் முடியிழந்தனர். நான் அந்தப் படத்தைப் பாதுகாத்து வருவதற்குக் காரணம் வேறு. படத்தை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனது கண் மன்னர்களை விட்டுவிட்டு அந்த நாயின் உரோமத்தின் மீதே செல்கிறது. எவ்வளவு ஒழுங்காக, சிக்கில்லாமல் இருக்கிறது! ஒரு நாயின் உடம்பில் அந்த ஒழுங்கு தானாக வருவதல்ல என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் அரண்மனைக்காரர் அல்லர். எமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பங்களாவில் வேலை செய்த முதியவர் அவர். அவரிடத்தில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னர் இந்த நாயினத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

சீசர், 'வயர் ஃபொக்ஸ் டெரியர்' எனப்படும் கம்பிமயிர் நரிவேட்டை நாய். நியூகாசில் சீமாட்டியின் நாய்ப்பண்ணையில் பிறந்தது. மன்னரின் கட்டிலருகே சாய்வு நாற்காலியில் உறங்கிய செல்லப்பிராணி. "நான் சீசர், நான் மன்னருக்குச் சொந்தம்" என்ற வாசகம் அதன் கழுத்துப்பட்டியில் பொறிக்கப்பட்டிருந்தது. ரஷ்யாவின் புகழ்பெற்ற ஃபாபெர்ஜே நிறுவனம் சீசரின் உருவத்தை வெண்கல்லில் செதுக்கி, மாணிக்கக் கண்கள் பதித்து உருவாக்கியது. அந்தச் சிற்பம் இன்றும் பிரித்தானிய அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நாயைக் குளிப்பாட்டிச் சுத்தம் செய்வதற்கென்று தனியான சேவகர் ஒருவர் இருந்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். சீசரின் பெயரை உலகம் அறிந்தது. சேவகரின் பெயரை உலகம் கேட்கவில்லை.

'டெரியர்' என்ற சொல், மண் அல்லது நிலம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டது. குதிரைகளிலும் பெரிய வேட்டை நாய்களோடும் நரியைத் துரத்திச் செல்லும்போது நரி வளைக்குள் புகுந்துவிடும். பெரிய நாய்கள் அங்கே புக முடியாது. மண்ணுக்குள் நுழைந்து நரியை வெளியே விரட்டுவதற்காகவே இந்தச் சிறிய நாய்கள் வளர்க்கப்பட்டன. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்து, வேட்டையில் பெரும்புகழ் பெற்ற ஜோன் ரஸ்ஸல், ஒக்ஸ்பேர்ட்டில் மாணவராக இருந்த காலத்தில், 1819ஆம் ஆண்டளவில், பால்காரர் ஒருவரிடமிருந்து 'ட்ரம்ப்' என்ற பெண் டெரியரை வாங்கினார். நரிவேட்டை டெரியர்களின் வரலாற்றை எழுதுவோர் இந்தச் சம்பவத்தைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். ட்ரம்பின் உரோமம் நெருக்கமாகவும் சற்றே முரடாகவும் இருந்தது.

முரட்டு உரோமத்தின் தேவை எளிதில் விளங்கக்கூடியது. ஈரமண், முட்புதர், குளிர்மழை, நரியின் பல் ஆகிய நான்கிலிருந்தும் தோலைக் காப்பாற்றும் கவசம் அது. இவ்வகை நாய்களுக்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. வெளியடுக்கு தடித்தது, விறைப்பானது, தேங்காய்த் தும்பை நினைவூட்டுவது. உள்ளடுக்கு மென்மையானது, பஞ்சு போன்றது. உடம்பின் வெப்பத்தைக் காப்பது. இங்கிலாந்தில் மட்டுமல்ல, ஜேர்மனியிலும் இதே தேவை இதே வகையான உரோமத்தை வேண்டி நின்றது. அங்கே பண்ணைகளில் எலி பிடித்த ஷ்னவுசர், முட்காடுகளில் வேட்டைக்கு உதவிய 'ட்ராட்ஹார்' ஆகியன கம்பிமயிர் நாய்கள்தாம். ட்ராட்ஹார் என்ற ஜேர்மன் சொல்லின் பொருளே கம்பிமயிர் என்பது.

இந்தக் கம்பிமயிருக்கு ஒரு வினோதமான குணம் இருக்கிறது. மற்றைய பல நாய்களின் முதிர்ந்த மயிர் தானாகவே உதிர்ந்து வீடெல்லாம் பரவும். கம்பிமயிர் நாயின் மயிர் வளர்ந்து, முதிர்ந்து, உயிரற்றுப்போன பின்னரும் பெரும்பாலும் தோலின் துளையை விட்டு விலகாமல் நிற்கும். புதருக்குள்ளும் வளைக்குள்ளும் நாள்தோறும் புகுந்து வந்த வேலை நாய்க்கு முட்களே சீப்பாக இருந்தன. முதிர்ந்த மயிரை அவை பிடுங்கி எடுத்துவிட்டன. வேலையை விட்டு வீட்டுக்குள் வந்த நாய்க்கு அந்த முட்களின் வேலையை மனிதக் கையே செய்ய வேண்டியதாயிற்று. விரல் நுனியால் முதிர்ந்த மயிரைச் சிறிது சிறிதாகப் பிடித்து, வளரும் திசையிலேயே இழுத்து எடுக்கும் கலை இவ்வாறே வளர்ந்தது. மயிர் கழித்தல் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

பிரித்தானியாவில் 1873ஆம் ஆண்டு கென்னல் கிளப் அமைக்கப்பட்டது. நாய்க் கண்காட்சிகள் பெருகின. முதலில் வழவழப்பான மயிருடைய நரிவேட்டை நாய்களே பரிசுகளைத் தட்டிச் சென்றன. கம்பிமயிர் நாய்கள் பிந்தியே அரங்குக்கு வந்தன. வந்ததும் ஒரு சர்ச்சையும் உடன் வந்தது. கண்காட்சிக்கு முன்னர் நாயின் மயிரைப் பிடுங்கி ஒழுங்குபடுத்துவது பராமரிப்பா, மோசடியா என்பதே அந்தச் சர்ச்சை. நாளடைவில் பராமரிப்பு என்ற கட்சியே வென்றது. அதன் விளைவை நாம் படங்களிலேயே காணலாம். சீசரின் காலத்து நாய்களின் கால்களில் மயிர் அளவாகவே இருக்கிறது, தாடியும் சிறியது. பிற்காலத்தில் வந்த கண்காட்சி நாய்களின் கால்களோ தூண்களைப் போல மயிரடர்ந்து நிற்கின்றன. தாடி நீண்டு தொங்குகிறது. அடர்ந்த கால்மயிரும் நீண்ட தாடியும் வேட்டைக்கு வேண்டியவையல்ல. பார்வையாளரின் கண்ணுக்காக மனிதன் வளர்த்தவை. சிக்கும் சடையும் முதலில் பிடிப்பதும் அங்கேதான்.

1929ஆம் ஆண்டு ஜனவரியில் பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே படைத்த டின்டின் சித்திரக்கதையில் வரும் வெள்ளை நாயும், 1934ஆம் ஆண்டு ஹொலிவூட்டில் வெளிவந்த 'த தின் மேன்' திரைப்படத்தில் நடித்த ஸ்கிப்பி என்ற நாயும் இந்த இனமே. நியூயோர்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் மிக அதிகமான தடவைகள் முதலிடம் பெற்ற இனமும் இதுவே. 2019ஆம் ஆண்டிலும் அது வென்றது.

இந்த மயிரின் இரகசியத்தை விஞ்ஞானம் அண்மைக்காலத்திலேயே அவிழ்த்தது. 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், 2009ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் தமது முடிவை வெளியிட்டார்கள். நாய்களின் உரோம வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மூன்று மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்பது அவர்களின் முடிவு. ஒன்று நீளத்தையும், இன்னொன்று சுருளையும், மூன்றாவது கம்பித்தன்மையையும் தாடி மீசையையும் தருகின்றன. தாடியும் கம்பிமயிரும் ஒரே மரபணுவின் இரட்டைக் கொடைகள். ஆகவே, கம்பிமயிர் நாயை விரும்பி வளர்ப்பவர் தாடியையும், தாடியோடு வரும் சிக்கையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.

சிக்கு எவ்வாறு சடையாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மயிரின் மேற்பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் மீனின் செதில்களைப் போன்ற செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். உரசலும் ஈரமும் சேரும்போது ஒரு மயிரின் செதில் இன்னொரு மயிரின் செதிலைக் கவ்விக்கொள்கிறது. ஆட்டு மயிரை நனைத்துத் தேய்த்துக் கம்பளத் துணி செய்யும் பழைய தொழில்நுட்பம் இந்தச் செயலையே பயன்படுத்துகிறது. கழிக்கப்படாமல் நிற்கும் முதிர்ந்த மயிரும், உதிர்ந்து வெளியேற முடியாத உள்மயிரும், ஒட்டுப்புல் விதையும் சேர்ந்தால் நாயின் உடம்பிலேயே கம்பளம் நெய்யப்படுகிறது. காதின் பின்புறம், கக்கம், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டியின் அடிப்பாகம், தாடி ஆகிய உரசல் மிகுந்த இடங்களிலேயே அது தொடங்கும்.

இனி எமது நாட்டுக்கு வருகிறேன். பிரித்தானியர் இலங்கையின் மலைநாட்டைக் காடழித்துத் தோட்டமாக்கியபோது தமது குதிரைகளையும் நாய்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், தமது வேட்டை நாய்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும், தோட்டத்துரைமாரின் பங்களாக்களில் டெரியர் நாய்கள் ஓடித்திரிந்தன. இங்கிலாந்தின் முட்புதர்களுக்காக வளர்க்கப்பட்ட உரோமம், அட்டையும் உண்ணியும் பனிப்புகாரும் நிறைந்த மலைகளில் வாழ நேர்ந்தது. துரை வேட்டைக்கோ கிளப்புக்கோ போய்விடுவார். நாயின் உடம்பைத் தடவிப் பார்த்து உண்ணி பிடுங்கியதும் சிக்கெடுத்ததும் பங்களா வேலையாட்களின் கைகள்.

அப்படிப்பட்ட கைகளை நான் நேரில் பார்த்தது 1975ஆம் ஆண்டின் இறுதியில். கம்பனிகளுக்குச் சொந்தமான பெருந்தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்பதற்கான சட்டம் அந்த ஆண்டு ஒக்டோபரில் நிறைவேறியது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த என்னை, அதுபற்றிச் செய்தி எழுதுவதற்காக எனது ஆசிரியர் ஹட்டன் பக்கம் அனுப்பினார். ஒரு தோட்டத்தில் ஆங்கிலேயத் துரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பேட்டி காண்பதற்காகப் பங்களா விறாந்தையில் காத்திருந்தேன். அங்கே சாக்கொன்றை விரித்து, அதன்மேல் கம்பிமயிர் டெரியர் ஒன்றை நிறுத்தி வைத்துக்கொண்டு முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நாயின் பெயர் பஸ்டர்.

முதியவரின் பக்கத்தில் அகலப் பல் சீப்பு ஒன்றும், பேன் எடுக்கும் சீப்பு ஒன்றும், ஒரு சிரட்டையில் வெண்கட்டித் தூளும் இருந்தன. விரல் நுனியைத் தூளில் தொட்டுக்கொள்வார். மயிர் வழுக்காமல் பிடிபடுவதற்காக. பின்னர் இடது கையால் நாயின் தோலைச் சற்றே இழுத்துப் பிடித்து, வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒருசில மயிரை மட்டும் பற்றி, வளர்ந்த திசையிலேயே வெடுக்கென்று இழுப்பார். நாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. நோகாதா என்று கேட்டேன்.

"செத்த மயிரு கூப்பிட்டா வரும் ஐயா. உசிரோட இருக்கிறத இழுக்கப்படாது. இவன் சிலுப்பினான்னா நான் கைய எடுத்துருவேன்" என்றார்.

கத்தரியால் வெட்டிவிட்டால் வேலை சுலபமல்லவா என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கத்தரி போட்டா பஞ்சாப் போயிரும். பஞ்சு சிக்குப் பிடிக்கும். அப்புறம் எனக்குத்தான் வேல" என்றார்.

பல ஆண்டுகளின் பின்னர் இதுபற்றி வாசித்தபோது அந்த மனிதர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பதை உணர்ந்தேன். கம்பிமயிர் நுனியில் தடித்தும், அடியில் மெலிந்தும் இருக்கும். வெட்டும்போது நிறமும் விறைப்பும் உள்ள நுனி போய்விடுகிறது. மெலிந்த அடி எஞ்சுகிறது. உயிரற்ற மயிர் துளையிலேயே நிற்பதால் புதிய விறைப்பு மயிருக்கு இடமில்லை. உள்மயிரின் ஆட்சி ஓங்கி, உரோமம் வெளிறி, மென்மையாகி, எளிதில் சடைபிடிக்கிறது.

அன்று அவர் கால்மயிரில் கிடந்த ஒரு முடிச்சையும் அவிழ்த்துக் காட்டினார். முடிச்சுக்கும் தோலுக்கும் இடையில் விரல்களை வைத்து, அடிமயிரை இறுகப் பிடித்துக்கொண்டார். இழுவை தோலுக்குப் போகாமல் அவரது விரல்களோடு நின்றது. முதலில் விரலால் முடிச்சை நெடுக்காகப் பிரித்தார். பிறகு நுனியிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாக அடியை நோக்கிச் சீப்பைக் கொண்டுபோனார். சிக்கை எடுக்காமல் ஒருபோதும் நாயைக் குளிப்பாட்டக்கூடாது என்றார். நனைந்து காய்ந்த சிக்கு கயிற்று முடிச்சைப் போல இறுகிவிடும் என்பது அவரது விளக்கம்.

பேச்சினிடையே அவரது கதையும் வந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் மலையக மக்களை இரண்டு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிகுதி ஒன்றரை இலட்சம் பேரின் தலைவிதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றார்கள். 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். முதியவர் இந்தியாவின் பங்கில் விழுந்தவர். பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில்; இந்தியாவை அவர் கண்டதேயில்லை. கடவுச்சீட்டு வந்துவிட்டது. தை மாதம் முடிந்து போகவேண்டும் என்றார். துரை லண்டனுக்கு, முதியவர் தலைமன்னார் வழியாக இராமேசுவரத்துக்கு. பஸ்டர் தோட்டத்தில்.

நான் விடைபெற்றபோது அவர் எழுந்து நின்று ஒரு விடயத்தைக் கேட்டார். "இந்தப் பக்கம் வந்தீங்கன்னா இவன் கக்கத்தையும் காதுக்குப் பின்னாடியும் ஒருக்கா தடவிப் பாருங்க ஐயா. அங்கதான் மொதல்ல சடை பிடிக்கும்." நான் தலையசைத்தேன். பத்திரிகைக்காரர்கள் நாள்தோறும் எத்தனையோ பேருக்குத் தலையசைப்பதுண்டு.

எனது செய்தி வெளிவந்தது. பொறுப்பேற்கப்படும் காணியின் ஏக்கர் கணக்கும், நட்டஈடு பற்றிய அமைச்சரின் கூற்றும் அதில் இருந்தன. முதியவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரது பெயரைக்கூட நான் குறிப்பேட்டில் எழுதியிருக்கவில்லை. 1976ஆம் ஆண்டின் முற்பகுதியில், மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்த அந்தப் புகையிரதத்தில் அவரும் ஏறிப் போயிருப்பார்.

நான் மீண்டும் அந்தத் தோட்டத்துக்குச் சென்றது ஏறக்குறைய ஒரு வருடத்தின் பின்னர், வேறொரு செய்திக்காக. பங்களாவில் புதிய நிர்வாகம். பழைய வேலையாட்கள் பலர் இல்லை. பின்முற்றத்தில், தண்ணீர்த் தொட்டியின் அருகே, அழுக்கு மூட்டையொன்றைப் போல ஏதோ கிடந்தது. அது தலையைத் தூக்கியபோதுதான் நாய் என்று தெரிந்தது. எழுந்து வர முயன்றது. முன்னங்கால்கள் சரியாக நீளவில்லை. கிட்டப் போய், அந்த முதியவர் சொன்ன இடத்தில் கையை வைத்தேன். கக்கத்து மயிர் நெஞ்சு மயிரோடு சேர்ந்து தடித்த கம்பளமாக இறுகி, காலை உடம்போடு கட்டிப்போட்டிருந்தது. நாய் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் தோலை அதன் உரோமமே பிய்த்து இழுத்தது. காதின் பின்னால் சடைக்கு அடியில் ஈரம். துர்நாற்றம். விரலை எடுத்துப் பார்த்தேன், புழு.

யாரும் அந்த நாயை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. சோறு வைத்திருந்தார்கள். அதன் உடம்பைத் தடவிப் பார்ப்பது ஒரு வேலை என்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் கப்பலேறிப் போய்விட்டார். தெரிந்த இன்னொருவன் தலையசைத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான்.

அலுவலக வாகனத்தில் சாக்கை விரித்து நாயை அருகிலிருந்த நகரத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். சாரதி முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை. நான் கத்தரிக்கோலால் சடையை வெட்டத் தொடங்கலாமா என்று கேட்டபோது வைத்தியர் கையைத் தட்டிவிட்டார். இறுகிய சடைக்குள் தோல் மடிந்து மேலெழுந்து நிற்கும்; எது மயிர், எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது; வெட்டினால் தோலும் சேர்ந்து வரும் என்றார். மயக்கமருந்து கொடுத்து, மயிர் மழிக்கும் கருவியைத் தோலோடு தட்டையாகப் பிடித்து, சடைக்கும் தோலுக்கும் இடையில் மெல்ல மெல்ல ஓட்டினார். உரோமம் முழுவதும் ஒரே துண்டாக, ஒரு பழைய பாயைப் போலக் கழன்று வந்தது. அடியில் தோல் சிவந்து புண்ணாகிக் கிடந்தது. காற்றும் வெளிச்சமும் படாத ஈரத்தில் கிருமி பெருகுகிறது. அந்த மணத்துக்கு ஈ வந்து முட்டையிடுகிறது என்று விளக்கினார். புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "இது ஒரு நாளில் வந்ததல்ல, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் இல்லாததால் வந்தது" என்றார். அவர் அதை என்னை நோக்கிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது என்னை நோக்கிச் சொன்னதாகவே பட்டது.

பஸ்டர் பிழைத்தது. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் அதை எடுத்து வளர்த்தார். முதியவரிடம் கற்றதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது போய்ப் பார்த்தேன். உரோமம் மீண்டும் வளர்ந்தது. ஆனால் முதியவர் எச்சரித்தபடியே பஞ்சாகவே வளர்ந்தது. ஆசிரியர் நாள் தவறாமல் சீவினார். மேலும் இரண்டு ஆண்டுகள் அது சுகமாக வாழ்ந்தது.

இந்தக் கதையை எழுதவேண்டும் என்ற எண்ணத்தைத் தூண்டியது ரொறன்ரோவில் இருக்கும் எனது மகளின் வீடு. அவளிடம் ஷ்னவுசர் இனத்து நாய் ஒன்று இருக்கிறது. சென்ற தடவை போயிருந்தபோது அதன் தாடியிலும் கக்கத்திலும் சிறிய முடிச்சுகள் விரலில் தட்டுப்பட்டன. நிலத்தில் துணியை விரித்து உட்கார்ந்து, சமையலறையிலிருந்து சோளமாவை எடுத்து முடிச்சில் தூவி, அடிமயிரைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரிக்கத் தொடங்கினேன். "அப்பா, இதை ஆரிட்டைப் பழகினீங்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்கு ஒரு பெயர் என்னிடம் இருக்கவில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் இத்தகைய நாய்களை வளர்க்கும் தமிழ் வாசகர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த முதியவரின் பாடத்தைச் சுருக்கமாகத் தருகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது, மேலே மட்டுமன்றித் தோல் வரைக்கும், மயிரை வகிர்ந்து வகிர்ந்து சீவுங்கள். மேலோட்டமாகப் பளபளப்பாக இருக்கும் உரோமத்தின் அடியில் சடை ஒளிந்திருக்கும். உலோகச் சீப்பு தடையின்றி ஓடினால்தான் வேலை முடிந்தது. காது, கக்கம், தொடையிடுக்கு, பட்டியின் கீழ், தாடி ஆகியவற்றைக் கையாலேயே தடவிப் பாருங்கள். சிக்கை எடுத்த பின்னரே குளியல். முதிர்ந்த மயிரை வருடத்தில் இரண்டு முறையேனும் கழியுங்கள். நாய் நோவுற்றால் நிறுத்துங்கள். முதுமையடைந்த, நோயுற்ற நாய்க்கு உரோமத்தின் அழகைவிட அதன் நிம்மதியே பெரிது. அதற்கு இயந்திரத்தால் மயிரைக் குறைத்துவிடுவதில் குற்றமில்லை. தோலோடு இறுகிவிட்ட சடையில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள். மிருக வைத்தியரிடம் செல்லுங்கள். பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்புப் பிராணியின் தேவைகளைக் கவனிக்காது விடுவதையே குற்றமாக்கியது. அடிக்காமலும் பட்டினி போடாமலும் ஒரு பிராணியை வதைக்க முடியும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்வதற்கு அவ்வளவு காலம் எடுத்தது.

சீசர், மன்னர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 1914இல் இறந்தது. வின்ட்சர் மாளிகையின் சென் ஜோர்ஜ் தேவாலயத்தில் மன்னரின் கல்லறைமீது அவரது உருவம் சலவைக்கல்லில் சயனித்திருக்கிறது. காலடியில் சீசரும் கல்லாகப் படுத்திருக்கிறது. அந்த உரோமத்துக்கு இனி யாருடைய கையும் தேவையில்லை.

தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு 1968ஆம் ஆண்டு முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அந்த முதியவர் அங்கே போனாரா, வேறெங்காவது குடியேற்றப்பட்டாரா என்பதை நான் அன்று கேட்டு வைக்கவில்லை. அவர் இன்று உயிரோடிருக்க வழியில்லை. அவரது பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எங்கிருந்தேனும் இதை வாசிக்கக்கூடும். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாவில் துரையின் நாய்க்குச் சிக்கெடுத்த, 1976இல் கப்பலேறிய ஒருவரைப் பற்றி உங்கள் வீட்டில் யாரேனும் பேசியிருந்தால், அவரது பெயரை எனக்கு எழுதியனுப்புங்கள். அரை நூற்றாண்டு பிந்தியேனும் அதை எனது குறிப்பேட்டில் எழுதிவைக்க விரும்புகிறேன்.